ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு சட்டம்

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தால் நாடு முன்னேறும் என்கிற விவாதம் இந்தியாவில் ஓய்வதாக இல்லை. இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி கூறினார். 2025 ஜனவரியில் பரவிய காணொலியில், லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் அதை 90 மணி நேரமாக உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமையும் ஊழியர்களிடம் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே பாதுகாப்பு அளித்திருக்கும் ஜெர்மனியில் வசித்தபடி இந்த விவாதத்தைக் கவனித்து வருகிறேன்.

நான் வசிக்கும் ஸ்டுட்கார்ட், பெரும் கார் நிறுவனங்களின் தாயகம். அத்தகைய தொழில் நகரம் ஞாயிற்றுக்கிழமையில் அடங்கிவிடுகிறது. ரயில் நிலையக் கடைகள் போன்ற சில தவிர மற்றவை மூடியிருக்கும். சுவரில் துளையிடுவதும், காலி கண்ணாடி பாட்டில்களை மறுசுழற்சித் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்புவதும் கூடாது. சனிக்கிழமையே பாலும் அரிசியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் நள்ளிரவிலும் கடை தேடிப் பழகியவர்களுக்குத் தொடக்கத்தில் இது தொந்தரவாகத் தெரியும். நாளடைவில், வாங்கவும் விற்கவும் எதுவுமில்லாத ஒரு பகல் எவ்வளவு நீளமானது என்பது புரியும். திராட்சைத் தோட்டச் சரிவுகளில் மூன்று தலைமுறையினர் சேர்ந்து நடப்பதை இங்கு வாரந்தோறும் காண்கிறேன்.

இது ஜெர்மானியர்களின் பிறவிக் குணம் என்று கருதுவோர் உண்டு. வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. எட்டு மணி நேர வேலை 1918 புரட்சியின்போது கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாதுகாப்பு 1919-இன் வைமர் அரசமைப்பில் இடம்பெற்று, பின்னர் இன்றைய அரசமைப்பிலும் சேர்க்கப்பட்டது. 1956 மே தினத்தில், சனிக்கிழமைகளில் அப்பா தனக்கே வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்பதுபோல் அமைந்த சுவரொட்டியுடன் தொழிற்சங்கங்கள் ஐந்து நாள் வேலைக்காகப் போராடின. 1984-இல் உலோகத் தொழிலாளர்கள் 35 மணி நேர வாரத்துக்காகப் பல வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மேற்குப் பகுதியில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1995-இல்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைகளைத் திறக்க பெர்லின் மாநிலம் அளித்த அனுமதி செல்லாது என 2009-இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் நுணுக்கங்களும் கவனிக்கத் தக்கவை. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் பொதுவாக 11 மணி நேர இடைவெளி கட்டாயம். ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு. விடுப்பில் இருக்கும்போது நோயுற்றால், மருத்துவச் சான்று அளித்து அந்த நாள்களைத் திரும்பப் பெறலாம். மேலதிகாரியின் நல்ல மனதை நம்பி ஓய்வைக் கேட்க வேண்டிய நிலை இல்லை.

எனினும், இந்த நிதானத்தை எல்லோரும் சமமாக அனுபவிப்பதில்லை. மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், உணவகங்கள் ஞாயிறன்றும் இயங்குகின்றன. அங்கு உழைப்போரில் என்னைப் போலக் குடிபெயர்ந்து வந்தவர்கள் கணிசமானோர். இன்னொரு உண்மை நமக்கு நெருக்கமானது. இங்கு பிற்பகல் 4 மணிக்கு நடக்கும் இணையவழிக் கூட்டம், சென்னை அலுவலகத்துக்குக் கோடையில் இரவு ஏழரை மணி. குளிர்காலத்தில் எட்டரை மணி. நான் ஐந்து மணிக்குக் கணினியை மூடுகிறேன். அதே பணியைச் செய்யும் சென்னை ஊழியர் வீடு திரும்பப் பத்தாகிறது. என் மாலைப் பொழுதின் ஒரு பகுதி அவருடைய இரவிலிருந்து வருகிறது என்பதை எண்ணாமல் இந்த நிதானத்தை ரசிக்க இயலவில்லை.

ஜெர்மனியிலும் காற்று மாறுகிறது. பொருளாதாரத் தேக்கம், முதியோர் பெருக்கம் ஆகியவற்றைக் காட்டி, மக்கள் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று பிரதமர் ஃப்ரீட்ரிஷ் மெர்ஸ் வலியுறுத்துகிறார். நாளொன்றுக்கு என்றுள்ள வேலை நேர உச்சவரம்பை வாரத்துக்கு என மாற்றும் யோசனை 2025 கூட்டணி உடன்படிக்கையில் உள்ளது. முதியோரைப் பராமரிக்க ஆள் இல்லை என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஓய்வைச் சோம்பலாகச் சித்திரிக்கத் தொடங்கினால், முதலில் அதை இழப்பவர்கள் பேரம் பேசும் வலிமை இல்லாதவர்களே.

இந்தியாவிலேயே முதன்முறையாக 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய மண் சென்னை. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுத்த 2023 சட்டத் திருத்தத்தைத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் தமிழ்நாடு அரசு திரும்பப் பெற்றது. கடை ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை வழங்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் இயற்றியதும் இதே மாநிலம்தான். அடுத்த படியாக, இரு பணி நாள்களுக்கு இடையே குறைந்தபட்ச ஓய்வு நேரத்தைத் தகவல் தொழில்நுட்பத் துறை உள்பட அனைவருக்கும் சட்டமாக்கலாம். அப்படி ஒரு சட்டம் வந்தால், என் அலுவலகக் கூட்டங்களின் நேரமும் மாறியாக வேண்டும். அந்த அசௌகரியத்தை ஏற்பதே நியாயம்.