கேரவன் வேன் ராஜபாளையத்தில் நின்றால் யார் வருவார்? ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மதுரைப் பக்கமிருந்து குற்றாலத்துக்கோ, ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்கோ போகிறவர்களுக்குப் பழக்கமான பாதை தேசிய நெடுஞ்சாலை 744. திருமங்கலத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்தில் முடிகிறது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 'கேரவன்' என்றால் சினிமா ஷூட்டிங் என்று மட்டுமே நினைத்த காலம் போய், படுக்கையும் அடுப்பும் உள்ள வேனை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ குடும்பத்தோடு கிளம்பும் ஆசை இந்தப் பக்கமும் வந்துவிட்டது.

ஆனால் அந்த வேன் ராத்திரி பத்து மணிக்கு ராஜபாளையத்துக்கும் சிவகிரிக்கும் நடுவில் நின்றுவிட்டால்? காராக இருந்தால் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சமாளித்துவிடலாம். மூன்று, நான்கு டன் எடையுள்ள, உள்ளே ஒரு வீட்டையே வைத்திருக்கும் வண்டியை எல்லா மீட்பு வண்டியாலும் தூக்க முடியாது. 'எங்ககிட்ட ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருக்கு' என்று நம்பிக் கிளம்பியவருக்கு, அந்தத் திட்டம் காருக்கு மட்டும்தான் என்று அப்போதுதான் தெரியவந்தால் சிக்கல்தான்.

ஆர்.எஸ்.ஏ. என்பது இன்ஷூரன்ஸா?

எல்லா நேரமும் இல்லை. ஆர்.எஸ்.ஏ. எனப்படும் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் மூன்று வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் கவர். இரண்டு, வண்டித் தயாரிப்பாளரோ டீலரோ தருவது. மூன்று, தனியார் நிறுவனங்கள் ஆண்டுச் சந்தாவுக்கு விற்கும் திட்டம்.

சட்டப்படி கட்டாயம் என்பது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும்தான். அதை மட்டும் வைத்திருந்தால் வண்டி நின்றதற்கு யாரும் வரமாட்டார்கள். சொந்த சேதத்துக்கும் சேர்த்து முழு பாலிசி எடுத்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் வண்டியை அப்புறப்படுத்தும் செலவுக்கு ஒரு தொகை உண்டு. இந்திய மோட்டார் டாரிஃபின் வாசகப்படி, சொந்தக் காருக்கு ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய். பெரிய வர்த்தக வண்டிக்கு 2,500 ரூபாய். இது விபத்துக்கு மட்டும். கிளட்ச் போனாலோ, பெல்ட் அறுந்தாலோ இது உதவாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆர்.எஸ்.ஏ.

முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம்

வண்டி எப்படி இருக்கிறது என்பதை வைத்தல்ல, ஆர்.சி.யில் என்ன வகை என்று பதிவாகியிருக்கிறது என்பதை வைத்தே திட்டம் பொருந்தும். சொந்தப் பயன்பாட்டுக் கேம்பர் வேன் என்று பதிவான வண்டி ஒரு வகை. சுற்றுலாவுக்கு வாடகைக்கு ஓடும் வண்டி வேறு வகை. தனியார் காருக்கான ஆர்.எஸ்.ஏ. திட்டம் இந்த இரண்டையும் ஏற்காமல் போகலாம்.

பழைய டிராவலர் வேனை வாங்கி, ஒர்க்‌ஷாப்பில் கட்டில், சிங்க், கூரை ஏ.சி. எல்லாம் வைத்து மாற்றியவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை உண்டு. ஆர்.சி.யில் ஏறாத மாற்றம் இருந்தால் ஆர்.எஸ்.ஏ. மட்டுமல்ல, விபத்து கிளெய்மும் சிக்கலில் மாட்டும்.

எங்கே ஏமாற்றம் வரும்? கிலோமீட்டர் கணக்கில்

'இலவச டோயிங் 50 கிலோமீட்டர் வரை' என்பதைப் படித்ததும் நிம்மதி வரும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் கேரவன் வேனின் கம்பெனி சர்வீஸ் சென்டர் இந்த இரண்டு ஊர்களிலும் இல்லையென்றால் வண்டி மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும். ராஜபாளையத்திலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர்.

கூடுதல் தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு 60 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பழுதான இடத்திலிருந்து சர்வீஸ் சென்டர் வரை மட்டும் எண்ணினால் 35 கிலோமீட்டர் கூடுதல், 2,100 ரூபாய். மீட்பு வண்டி மதுரையிலிருந்து கிளம்பி, ராஜபாளையம் வந்து, திரும்பிப் போகும் தூரம் முழுவதையும் எண்ணினால் 170 கிலோமீட்டர். அப்போது கூடுதல் 120 கிலோமீட்டர், 7,200 ரூபாய். திட்டத்தில் 50 என்ற எண் மாறவில்லை. எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பது மட்டும்தான் மாறியது. அதனால் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, எங்கிருந்து எங்கே என்பதையும் கேட்க வேண்டும்.

எந்த வண்டி வரும்?

டிராவலர் போன்ற வேன்களில் இன்ஜின் விசை பின்சக்கரத்துக்குப் போகிறது. முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, பின்சக்கரம் ரோட்டில் உருள நீண்ட தூரம் இழுத்தால் கியர்பாக்ஸ் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுக்க வேண்டும், அல்லது நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டையான மேடை கொண்ட லாரி வேண்டும்.

மேடை லாரியிலும் உயரம் பார்க்க வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய வேன், கூரையில் ஏ.சி., சோலார் தகடு, அதற்குக் கீழே லாரியின் மேடை. தெரு வயர்களும் பாலங்களும் அப்போதுதான் கண்ணில் படும். ஆகவே போனில் 'வேன்' என்று மட்டும் சொல்லாமல் மொத்த எடை, நீளம், உயரம் மூன்றையும் சொல்லிவிடுவது நல்லது.

உள்ளே இருக்கும் வீட்டுக்கும் கவர் உண்டா?

பொதுவாக இல்லை. ஆர்.எஸ்.ஏ. பார்ப்பது வண்டியைத்தான்: பேட்டரி ஜம்ப் ஸ்டார்ட், டயர் மாற்றுவது, சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் திறப்பது, எரிபொருள் கொண்டுவருவது, இழுத்துச் செல்வது. பிரிட்ஜ் ஓடவில்லை, தண்ணீர் பம்ப் வேலை செய்யவில்லை என்றால் வண்டியை மாற்றிக் கட்டிய நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். வேனில் இன்ஜின் பேட்டரியும் வீட்டுப் பேட்டரியும் தனித்தனி என்பதை வரும் மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். கேஸ் சிலிண்டர் இருந்தால் வண்டியை ஏற்றும் முன் வால்வை மூடிவிட வேண்டும்.

இன்னொன்று, வண்டி போனால் வீடும் கூடவே போய்விடும். இழுத்துச் செல்லப்படும் வேனுக்குள் ஆட்கள் உட்கார்ந்து வரக் கூடாது. சில திட்டங்களில் டாக்ஸி, ஒரு ராத்திரி அறை வாடகை உண்டு. ஆனால் வீட்டு முகவரியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு வெளியே நின்றால் மட்டுமே தருவோம் என்ற நிபந்தனையும் கூடவே வரலாம். சென்னைக்காரருக்குக் கிடைக்கும் அறை, ராஜபாளையத்துக்காரருக்குச் சிவகிரியில் கிடைக்காமல் போகும். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் இந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

மெயின் ரோட்டை விட்டு இறங்கினால்?

இந்தப் பக்கம் வருகிறவர்கள் நெடுஞ்சாலையோடு நிற்பதில்லை. செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் அருவி, சதுரகிரிக்கான தாணிப்பாறை என்று மலையடிவாரத்துக்குப் போகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். பல திட்டங்கள் மீட்பு வண்டி வரக்கூடிய சாலையில் நின்றால் மட்டுமே சேவை என்கின்றன. சேற்றிலோ பள்ளத்திலோ இறங்கிய வண்டியை வெளியே எடுப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாம். ஆடிப்பூரத் தேரோட்ட நாளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் பெரிய வேனைக் கொண்டுபோனால், எந்தத் திட்டம் இருந்தாலும் மீட்பு வண்டி உள்ளே வருவது கஷ்டம். அன்றைக்கு ஊருக்கு வெளியே நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

1033 இருக்கே, அது போதாதா?

1033 என்பது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர உதவி எண். ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் வசதி உள்ள பகுதிகளில் இது மிகவும் உதவும். ஆனால் அதன் வேலை, நின்ற வண்டியால் சாலை அடைபடாமலும் விபத்து நடக்காமலும் பார்ப்பது. வேனைப் பாதுகாப்பாக ஓரங்கட்டுவார்கள், மதுரை சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விடமாட்டார்கள். எனவே முதல் போன் 1033-க்கு, அடுத்தது ஆர்.எஸ்.ஏ.-வுக்கு. யாருக்காவது அடிபட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் முன் 108.

ஆளே வரவில்லை என்றால் எங்கே புகார் செய்வது?

திட்டத்தை எங்கே வாங்கினோம் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. இன்ஷூரன்ஸ் பாலிசியோடு வந்ததென்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவு, பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 'பீமா பரோசா' தளம், அடுத்து இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன். தனியார் சந்தா என்றால் இந்த வழி கிடையாது. அது வெறும் சேவை ஒப்பந்தம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி, புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. போன் செய்த நேரம், வந்த மெசேஜ், கட்டிய பில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் போதும்.

பணம் கட்டும் முன் ஆறு கேள்விகள்

1. ஆர்.சி.யில் உள்ள இந்த வண்டி வகைக்கும், இந்த எடைக்கும், வண்டியின் வயதுக்கும் திட்டம் பொருந்துமா?

2. 626117 (ராஜபாளையம்), 626125 (ஸ்ரீவில்லிபுத்தூர்) பின்கோடுகளுக்கு மீட்பு வண்டி எந்த ஊரிலிருந்து வரும்? ராத்திரியிலும் வருமா?

3. இலவச கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படுகிறது? கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு?

4. மேடை லாரி வருமா? அதற்குத் தனிக் கட்டணமா?

5. ஆண்டுக்கு எத்தனை முறை? வாங்கிய எத்தனை நாளில் அமலுக்கு வரும்? செங்கோட்டை தாண்டிக் கேரளாவிலும் செல்லுமா?

6. டாக்ஸி, அறை வாடகை எத்தனை பேருக்கு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு அப்பால்?

பதில்களைப் போனில் கேட்டால் மட்டும் போதாது. மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கேரவனை வாடகைக்கு எடுப்பவர்கள் இதே ஆறு கேள்விகளை வண்டிக்காரரிடம் கேட்டு, நடுவழியில் நின்றால் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்குத் தெளிவாக ஓர் ஊர் பெயரைச் சொல்ல முடியாத நிறுவனத்திடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.