நாய்க்கு ஒரு மூலை ஒதுக்கினால் மனுஷனுக்கு ரோடு கிடைக்கும்!

ஓசூர்:-

ராத்திரி ஷிப்டு முடிந்து சிப்காட்டில் இருந்து வீட்டுக்குக் கிளம்பும் தொழிலாளிக்கு மிஷினைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அது ரோட்டில் படுத்திருக்கிறது. வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்கிறது. ஒன்று குரைத்தால் ஐந்து ஓடி வருகிறது.

மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி பக்கம் ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை மேலே தூக்கிக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள். நாய் கடிப்பதற்கு முன்பே விழுந்து முட்டியை உடைத்துக்கொள்வதும் உண்டு.

விடிந்தால் இன்னொரு தகராறு. பெங்களூரில் வேலை, ஓசூரில் வாடகை வீடு என்று வந்த குடும்பங்கள் ஏராளம். எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்சில் போய்த் திரும்புகிறவர்கள். வீட்டில் ஒரு லேப்ரடாரும் இருக்கிறது. அதைக் காலையில் வெளியே கூட்டிப் போயே ஆகவேண்டும். எங்கே கூட்டிப் போவது? ஏரிக்கரைக்குப் போனால் வாக்கிங் வருகிறவர்கள் முறைக்கிறார்கள். தெருவில் போனால் தெரு நாய்கள் விடுவதில்லை. அடுத்த வீட்டு வாசலில் அது அசிங்கம் செய்துவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சண்டைதான்.

பார்த்தால் இரண்டும் வேறு வேறு பிரச்சினை போலத் தெரியும். ஆனால் அடிப்படை ஒன்றுதான். நாய்க்கு எது இடம், மனுஷனுக்கு எது இடம் என்று கோடு தெளிவாக இல்லை. அதனால் எல்லாரும் ஒரே ரோட்டில் மோதிக்கொள்கிறார்கள்.

"நாய்க்கு பார்க்கா?"

சோற்றுக்கு வழியில்லாதவன் இருக்கும்போது நாய்க்கு பார்க் ஒரு கேடா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2025 ஜூலையில் பக்கத்து பெங்களூரிலும் இப்படித்தான் கேட்டார்கள். தெரு நாய்களுக்கு தினமும் சிக்கன் சாதம் போட சுமார் 2 கோடியே 88 லட்சம் ரூபாய் செலவில் அங்குள்ள மாநகராட்சி திட்டம் போட்டதும் ஊரே சிரித்தது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பசித்த நாய்தான் குப்பைத்தொட்டியைச் சுற்றுகிறது, கறிக்கடை வாசலில் கூட்டம் கூடுகிறது, சண்டை போடுகிறது. சாப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாய் இருக்கும். அந்த இடத்தைத் தீர்மானிப்பது கறிக்கடைக்காரர் கழிவு கொட்டும் மூட்டையா, மாநகராட்சியா என்பதுதான் இப்போதைய கேள்வி.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

2025 ஆகஸ்டு 11-ந் தேதி நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலா, ஆர்.மகாதேவன் ஆகியோர் டெல்லி சுற்றுவட்டாரத் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி உத்தரவு போட்டார்கள். நாடு முழுக்க ஒரே ரகளை. பதினொரே நாளில், 22-ந் தேதி, நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா, என்.வி.அஞ்சாரியா ஆகிய 3 பேர் கொண்ட பெஞ்சு அதை மாற்றியது. பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறிநோய் உள்ளதையும் வெறித்தனமாகக் கடிப்பதையும் மட்டும் விடக்கூடாது. கண்ட ரோட்டில் சாப்பாடு போடக்கூடாது. வார்டு வாரியாகத் தனி இடம் ஒதுக்கி அங்கேதான் போடவேண்டும். இதுதான் சாரம். வழக்கும் நாடு முழுவதற்கும் விரிந்தது.

நவம்பர் 7-ந் தேதி இன்னொரு உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் இருந்து நாய்களை அகற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டுக் காப்பகத்துக்குக் கொண்டு போகவேண்டும். திரும்ப அங்கேயே விடக்கூடாது.

சாப்பாட்டு இடம் என்பது கோர்ட்டு புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 2023-ம் ஆண்டு மத்திய சர்க்கார் கொண்டுவந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் ஆகியவற்றுக்குத் தள்ளி, முதியோர் அதிகம் நடமாடாத இடமாகப் பார்த்து ஒதுக்கவேண்டும். நேரமும் குறிக்கவேண்டும்.

அடித்து விரட்டினால் என்ன என்று கேட்கலாம். விரட்டின தெரு காலியாக இருக்காது. அடுத்த தெரு நாய் வந்து உட்காரும். அது ஊசி போடாத நாயாக இருந்தால் இன்னும் ஆபத்து. பழகின நாய் காது நுனி வெட்டப்பட்டு அங்கேயே கிடந்தால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று தெருவுக்கே அடையாளம் தெரியும்.

ஆபத்து சாதாரணம் இல்லை. 2024-ல் தமிழ்நாட்டில் நாய்க்கடி கணக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்து போகாமல் இருக்கிறவர்கள் இன்னமும் கிராமப் பக்கம் இருக்கிறார்கள். அந்தக் காலம் போச்சு. இப்போது கையில் போடும் ஊசிதான், ஆனால் எல்லாத் தவணையும் முடிக்கவேண்டும். கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வைப்பது வேண்டாத வேலை.

வீட்டு நாய்க்கும் சேர்த்து

2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயது சிறுமியை 2 ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அவை தெரு நாய் அல்ல, வளர்ப்பு நாய்கள். குழந்தை விளையாடும் இடத்தில் சங்கிலி இல்லாமல் நாய் போனால் இதுதான் நடக்கும். உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2025-ல் சென்னை மாநகராட்சி அறிவித்தது. அபராதம் போடுவது சரிதான். ஆனால் நாயை ஓடவிட வேலி போட்ட இடம் எங்கே என்றும் சொல்லவேண்டும் அல்லவா? கட்டிப்போட்டே வளர்த்த நாய்க்கு மூர்க்கம் கூடுமே தவிரக் குறையாது.

ஐதராபாத்தில் செய்து காட்டினார்கள். கொண்டாப்பூரில் குப்பை கொட்டிக் கிடந்த 1.3 ஏக்கர் நிலத்தைச் சுத்தம் செய்து, சுமார் 1 கோடியே 10 லட்சம் ரூபாயில் நாய்களுக்கென்றே பூங்கா கட்டி 2018-ல் திறந்தார்கள். பெங்களூர் கப்பன் பூங்காவில் 2022-ல் வளர்ப்பு நாய்க்குத் தடை போடும் பேச்சு எழுந்தது. நாய் வளர்ப்போர் திரண்டு வந்து நின்றதும் அது கைவிடப்பட்டது.

ஓசூருக்குக் கோடிக்கணக்கில் வேண்டாம். வேலி, தண்ணீர்த் தொட்டி, இரட்டை கேட், கழிவு போட ஒரு தொட்டி, இவ்வளவு போதும். அவலப்பள்ளி ஹட்கோ பக்கம் ஒன்று, ராமநாயக்கன் ஏரிப் பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் செய்து பார்க்கலாம். ஏரிக்கரையில் நடக்கிறவர்களுக்கும் நிம்மதி. ஊசி போட்ட சீட்டைக் காட்டினால்தான் உள்ளே விடுவது என்று வைத்தால், வீட்டு நாய்க்கு ஊசி போடுவதும் தன்னால் நடக்கும்.

இந்த மாவட்டம் விலங்குக்கு இடம் கேட்டுப் போராடாத மாவட்டமும் அல்ல. மத்திகிரியில் 1824-ல் தொடங்கின கால்நடைப் பண்ணை இருக்கிறது. 2023 பிப்ரவரி 2-ந் தேதி எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று கோபசந்திரத்தில் தேசிய நெடுஞ்சாலையையே மறித்தார்கள். கல் வீசினார்கள், போலீசார் தடியடி நடத்தினார்கள். காளைக்கு அவ்வளவு ஆள். நாய்க்காக யாரும் மறியல் செய்யப் போவதில்லை, செய்யவும் வேண்டாம். 2019-ல் மாநகராட்சியான ஓசூரில் 45 வார்டு. வார்டுக்கு ஒரு சாப்பாட்டு மூலை என்றால் 45 மூலை. கவுன்சிலர்கள் அவரவர் வார்டில் இடத்தைக் காட்டினால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஒரு விஷயம் மட்டும் சென்னை, பெங்களூரைப் பார்த்துச் செய்யக்கூடாது. அது நேரம். சிப்காட் பக்கத்து வார்டுகளில் சாப்பாட்டு நேரத்தைக் கம்பெனி ஷிப்டைப் பார்த்துத்தான் குறிக்கவேண்டும். இரண்டாம் ஷிப்டு விடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தட்டு வைத்து எடுத்துவிட வேண்டும். இடமும் கம்பெனி கேட், பஸ் ஸ்டாப்பு, டீக்கடை மூன்றுக்கும் தள்ளி இருக்கவேண்டும்.