புள்ளி மட்டும் பார்த்து ஆளை அளக்கிறவர்களுக்கு

என்னிடம் படித்துவிட்டுப் போன பொடியன்மார் சிலர் வட்ஸ்அப் குழுமத்தில் இரவிரவாக என்.பி.ஏ. சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும், கெட்ட விசயம் ஒன்றுமில்லை. ஆனால் சண்டைக்கு ஆதாரம் என்ன தெரியுமா? ஒரு வீரரின் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் அவர் எடுத்த புள்ளி. "27 எடுத்தவன் எங்கே, 9 எடுத்தவன் எங்கே" என்று கேட்டு ஒரு சிரிப்புக் குறி. விசயம் முடிந்துவிட்டதாம்.

முடியவில்லை தம்பிமாரே. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

நீங்கள் இழுத்த அதே ஆட்டத்தையே எடுப்போம். 2016 ஜூன் 19, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். அந்தப் பருவத்தில் 73 வெற்றி, 9 தோல்வி என்று சாதனை வைத்த கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ், சொந்த மைதானத்தில். எதிரே 1-3 என்று பின்தங்கிக் கிடந்து 3-3 ஆக்கி வந்த கிளீவ்லண்ட் கவாலியர்ஸ். முடிவு 93-89. கவாலியர்ஸ் சம்பியன்.

இப்போது பொக்ஸ் ஸ்கோரைத் திறந்து புள்ளி வரிசைப்படி அடுக்குங்கள். முதலாவதாக யார் வருகிறார்? லெப்ரோன் ஜேம்ஸ் இல்லை. டிரேமண்ட் கிரீன், 32 புள்ளி. கூடவே 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட், மூன்று புள்ளி எறிகள் எட்டில் ஆறு. தோற்ற அணிக்காரர்! உங்கள் சட்டப்படி அன்றைக்குக் கிண்ணம் வொரியர்ஸின் கையில் இருந்திருக்க வேண்டும். லெப்ரோனின் 27 புள்ளியைக் கொண்டாடுகிற ஒருவராவது அவர் 24 முறை எறிந்து 9 மட்டுமே போட்டார் என்பதைப் படத்தில் போட்டீர்களா? 11 ரீபவுண்டும் 11 அசிஸ்டும் எடுத்ததையாவது போட்டீர்களா? அதுவும் இல்லை. புகழ்வதற்குக்கூட உங்களுக்கு ஒரே ஒரு கட்டம்தான் தெரிகிறது.

சரி, நீங்கள் சிரித்த அந்த 9 புள்ளிக்காரர். கெவின் லவ். அதே தொடரில் தலையில் அடிபட்டு மூன்றாவது ஆட்டத்தை வெளியே இருந்து பார்த்த மனிதர். ஏழாவது ஆட்டத்தில் அவர் எடுத்தது 14 ரீபவுண்ட். அட்டவணையின் கடைசி ஓரத்தில் பிளஸ் மைனஸ் என்று ஒரு கட்டம் இருக்கும், யாரும் அங்கே போவதில்லை. ஒருவர் களத்தில் நிற்கும் நேரத்தில் அவரது அணி எத்தனை புள்ளி கூடவோ குறையவோ எடுத்தது என்பதுதான் அது. லவ்வுக்கு அன்று பிளஸ் 19. ஆட்டத்திலேயே அதுதான் உச்சம். வென்றது 4 புள்ளியால். அப்படியானால் அவர் வாங்கில் உட்கார்ந்த நேரத்தில் அணி 15 புள்ளியால் பின்தங்கியிருக்கிறது. கழித்தல் கணக்குத்தானே, போட்டுப் பாருங்கள்.

உடனே "அப்ப லவ் லெப்ரோனை விடப் பெரியவரா சேர்?" என்று கேட்காதீர்கள். ஒரு ஆட்டத்தின் பிளஸ் மைனஸ் கூட நின்ற நால்வரையும் எதிரே நின்ற ஐவரையும் பொறுத்தது, தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் சொல்வது, 9 என்ற எண்ணை வைத்து அவரைக் கேலி செய்ய உங்களுக்குத் தகுதி இல்லை என்பதுதான்.

இன்னும் பாருங்கள். கடைசிக் கால்பகுதியில் 89-89 என்று சமன். அதன்பின் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய ஒரு புள்ளிகூட விழவில்லை. பருவம் முழுக்க ஆட்டத்துக்கு ஏறத்தாழ 115 புள்ளி அடித்த வொரியர்ஸ் அந்தக் கால்பகுதியில் எடுத்தது 13. இகுவாடாலா தனியாக ஓடிப்போய்ப் போடப் பார்த்த பந்தை லெப்ரோன் பின்னாலிருந்து வந்து பலகையோடு அடித்தாரே, அது பொக்ஸ் ஸ்கோரில் ஒரு புளொக். முதல் கால்பகுதியில் யாரோ அடித்த புளொக்கும் அதே ஒன்றுதான். பிறகு 53 செக்கன் இருக்கும்போது கைரி ஏர்விங்கின் மூன்று புள்ளி. அடுத்த முறை ஸ்டீபன் கறியின் முன்னால் தனியே நின்றவர் யார்? உங்கள் 9 புள்ளிக்காரர். கறி இப்படியும் அப்படியும் வெட்டிப் பார்த்தார், அந்தப் பெரிய உடம்புக்காரர் விலகவே இல்லை. எறி தவறியது. அட்டவணையில் கறியின் பெயரில் ஒரு தவறிய எறி ஏறியது. லவ்வின் பெயரில்? ஒன்றுமே இல்லை. அதற்குக் கட்டமே கிடையாது.

கட்டம் போட்டவர்களும் மனிதர்கள்தான். ஸ்டீலும் புளொக்கும் என்.பி.ஏ.யில் அதிகாரபூர்வமாக எண்ணப்பட்டது 1973-74 பருவத்திலிருந்து. பில் ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969இல். தடுப்பதையே தொழிலாக வைத்து 13 பருவத்தில் 11 சம்பியன் பட்டம் எடுத்தவருக்கு ஏட்டில் ஒரு புளொக்கும் இல்லை! வில்ட் சேம்பர்லைன் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி அடித்தார், அந்தப் பருவச் சராசரி 50.4. அதே பருவத்தில் மிகப் பெறுமதிமிக்க வீரர் விருதுக்கு வாக்களித்தவர்கள் வீரர்களே. அவர்கள் தெரிவு செய்தது ரஸ்ஸலை. எதிரே நின்று அடி வாங்கினவர்களுக்குத் தெரிந்தது போன் திரையில் பார்க்கிற உங்களுக்குத் தெரியவில்லை.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எண்ணெல்லாம் சும்மா, கண்ணால் பார்த்தால் போதும்" என்பவர்கள். கண்ணுக்கு டங்க் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். 2010இல் லேக்கர்ஸ் செல்டிக்ஸை ஏழாவது ஆட்டத்தில் 83-79 என்று வென்றபோது கோபி பிரையன்ட் 24 எறிகளில் 6 மட்டும்தான் போட்டார். கண் "சொதப்பினான்" என்று சொல்லும். அவரது 15 ரீபவுண்டை எண்ணித்தான் காட்ட வேண்டும். எனக்கு எண்ணோடு பகை இல்லை, ஒற்றை எண்ணோடுதான்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். பின்னேரம் பாடசாலை மைதானத்துக்கு வந்து பாருங்கள். பந்து கிடைத்தவன் எல்லாம் எறிகிறான். வெறுமையாக நிற்கும் கூட்டாளிக்குக் கொடுப்பதில்லை. ரீபவுண்டுக்கு இடம் பிடித்து முழங்கை வாங்குகிற பிள்ளையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போன வருசம் அப்படி ஒரு பிள்ளை "நான் ஒண்டும் எடுக்கல்லயே சேர்" என்று விளையாட்டையே விட்டுப் போனான். அவன் நின்ற ஆட்டங்களில்தான் நாங்கள் குறைவாகப் புள்ளி கொடுத்தோம். அதைச் சொன்னாலும் அவன் நம்பவில்லை.

அடுத்த முறை குழுமத்தில் சண்டைக்கு வரும்போது படம் வேண்டாம். முழு அட்டவணையையும் அனுப்புங்கள், நிமிடம், தவறிய எறி, கடைசி ஓரத்துக் கட்டம் எல்லாம் சேர்த்து. பிறகு கதைப்போம்.