‘நாம்’ என்று எழுதும் முன்

கணினி விளையாட்டுகளில் வரும் கற்பனைப் படைகளுக்கு ஆள்சேர்ப்புச் சுவரொட்டி வரைவது இன்று ரசிகர்களிடையே ஒரு தனிக்கலையாக வளர்ந்துவிட்டது. கதிர் பரப்பும் சூரியன், இரண்டே நிறங்கள், நம்மை நோக்கி நீளும் விரல், கீழே தடித்த எழுத்தில் ஒரு கட்டளை. “வெறும் கற்பனைதானே, இதில் அரசியல் எங்கே வந்தது?” என்று கேட்கிறார்கள். அச்சுவரொட்டியின் இலக்கணத்தில் இருக்கிறது என்பதே என் விடை.

1914இல் ஆல்ஃபிரட் லீட் வரைந்த கிச்சனர், 1917இல் ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக் வரைந்த அங்கிள் சாம், 1920இல் திமித்ரி மோர் வரைந்த செம்படை வீரன்: பேரரசு, குடியரசு, புரட்சி என மூன்று அரசுகள், விரல் ஒன்றே. ரஷ்ய மொழியில் தமிழைப் போலவே ‘நீ’யும் ‘நீங்க’ளும் வேறு வேறு சொற்கள். மோர் ‘நீ’யைத் தேர்ந்தார். கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள இடந்தராத சொல் அது. அவ்வாறு தனியே பிரித்தெடுத்தவனைப் படையோடு சேர்த்துக் கட்டவே அடுத்து ‘நாம்’ வருகிறது.

அந்த ‘நாம்’ என்ன செய்யும் என்பதை இந்தியா அறியும். முதல் உலகப் போரில் இந்திய மொழிகளிலும் ஆள்சேர்ப்புச் சுவரொட்டிகள் அச்சாயின. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். போர் முடிந்ததும், 1919 மார்ச்சில், ரௌலட் சட்டம் வந்தது. மிகுதியாக ஆள் தந்த பஞ்சாபில்தான் அடுத்த மாதம் ஜாலியன்வாலா பாக் நிகழ்ந்தது. போர்க்காலத்தில் பேரரசு சொன்ன ‘நாம்’ அத்தனை விரைவில் ‘நாங்கள்’ ஆனது.

இனி கற்பனைக்கு வருவோம். 2011இல் வெளிவந்த ஸ்கைரிம் விளையாட்டில், உல்ஃப்ரிக் ஸ்டார்ம்க்ளோக்கின் கிளர்ச்சிப் படைக்கு ரசிகர்கள் விடுதலைப் படையின் தோற்றம் தருகிறார்கள். அவன் ஆளும் விண்ட்ஹெல்ம் நகரிலோ, டார்க் எல்ஃப் அகதிகள் கிரே குவார்ட்டர் என்னும் நெருக்கடியான பகுதியில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். பல்லியுருவம் கொண்ட ஆர்கோனியர்களுக்கு மதிலுக்குள் குடியிருப்பே இல்லை. துறைமுகத்தில் குறைந்த கூலிக்கு உழைத்து அங்கேயே உறங்குகிறார்கள். ஆங்கிலத்தின் ‘வீ’ இதை மறைத்துவிடும். கேட்பவரை உளப்படுத்தும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என இரண்டைப் பிரித்து வைத்திருக்கும் தமிழ் மறைக்க விடாது. “நம் நாடு” என்னும் சுவரொட்டியை அத்துறைமுகத்தில் ஒட்டிப் பாருங்கள். அதன் பொருள் “எங்கள் நாடு” என்பதே.

“பகடியாகத்தான் வரைகிறோம்” என்பாரும் உண்டு. பால் வெர்ஹோவன் 1997இல் எடுத்த ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ ஆள்சேர்ப்பு விளம்பரத்தைப் பகடி செய்த படம். அதையே சில விமர்சகர்கள் பாசிசத் துதி என்று வாசித்தார்கள். இத்தனைக்கும் அவர் ஆள்சேர்ப்பு மேசையில் கால்களை இழந்த ஒருவரை அமர்த்திக் காட்டியிருந்தார். உங்கள் சுவரொட்டியில் அப்படி ஒரு மேசை எங்கே? கம்பீரத்தை மட்டும் நகலெடுத்துவிட்டுப் பகடி என்று பெயர் சூட்டுவது சோம்பல்.

வரைய வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறத்தைத் தேர்வதற்கு முன், இப்படையின் ‘நாம்’ யாரை மதிலுக்கு வெளியே நிறுத்துகிறது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, ஓவியத்தின் ஒரு மூலையிலாவது அவர்களுக்கு இடம் கொடுங்கள்.