மிஷினை மாற்ற வேண்டாம், கிண்ணத்தை மாற்றினால் போதும்!

கிரைண்டர் வந்தது, மிக்ஸி வந்தது, வாஷிங் மிஷின் வந்தது. இப்போது வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் புண்ணியத்தில் எஸ்பிரஸோ காபி மிஷினும் நம் சமையல்கட்டு மேடையில் ஏறிவிட்டது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் பின்னாடியே 'காபி பாட்', 'கேப்ஸ்யூல்' என்று ஒரு செலவும் வருகிறதே, அதைப் பற்றித்தான் சகோதரிகளிடம் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

எஸ்பிரஸோ என்றதும் கல்யாண வீடுகளில் 'புஸ்'ஸென்று ஆவி விட்டு, நுரை பொங்கத் தருவார்களே, அதுதான் ஞாபகம் வரும். அது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூளும் ஆவியில் நுரைத்த பாலும்தான். உண்மையான எஸ்பிரஸோ வேறு. நைஸாக அரைத்த தூளைச் சின்ன வடிகட்டிக் கிண்ணத்தில் அழுத்தி வைத்து, வெந்நீரை வேகமான அழுத்தத்தில் செலுத்தினால் அரை நிமிஷத்தில் கெட்டி டிகாஷன் இறங்கும். நம் பில்டரில் தண்ணீர் தானாகச் சொட்டுகிறது, இதில் தள்ளி விடுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

துபாயிலிருந்து என் நாத்தனார் கொண்டு வந்த மிஷினில் எங்களுக்கு வந்த தொல்லை தூளில்தான். கொரகொரப்பாக இருந்தால் தண்ணியாக ஓடிவிடும். ரொம்ப நைஸாக இருந்தால் இறங்கவே இறங்காது. சிக்கரி கலந்த தூளை அழுத்தி வைத்தால் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். மதுரையில் ஒரு கடையில் விசாரித்தால், "இதைக் கொடுத்துட்டு கேப்ஸ்யூல் மிஷின் வாங்கிக்குங்கம்மா, தூள் தொல்லையே இல்ல" என்றார்கள். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ வரும் குப்பி. நெஸ்லே நிறுவனம் 1986-ல் நெஸ்பிரெஸ்ஸோ என்று கொண்டு வந்தது இந்த வகைதான். ஒரு குப்பிக்குள் 5, 6 கிராம் தூள் இருக்கும். அதைக் குத்தித் துளை போட மிஷினிலேயே ஊசி வேண்டும். ஒரு மிஷினுக்கான குப்பி இன்னொன்றில் பெரும்பாலும் பொருந்தாது. முக்கியமான காப்புரிமைகள் 2012-ல் முடிந்த பிறகுதான் மற்ற கம்பெனிகளும் அதே அளவில் தாராளமாகக் குப்பி விற்க ஆரம்பித்தன. அதற்கு முன்னால் மிஷின் வாங்கியவர்கள் ஒரே கடைக்கு வாடிக்கையாகத்தான் இருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று காகிதப் பொட்டலம். பார்வைக்கு வட்டமான டீ பேக் மாதிரி இருக்கும். ஏறக்குறைய 44 மில்லிமீட்டர் அகலம், உள்ளே சுமார் 7 கிராம் தூள். ஈ.எஸ்.ஈ. என்ற பொது அளவில் பல கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன. தூள் போடும் சாதாரண எஸ்பிரஸோ மிஷினில் இதைப் பயன்படுத்த மிஷினை மாற்றவே வேண்டாம். கைப்பிடிக்குள் இருக்கும் சல்லடைக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, பொட்டலத்துக்கென்று உள்ள ஆழம் குறைந்த கிண்ணத்தைப் போட்டால் போதும். பல மிஷின்களோடு அது பெட்டியிலேயே வருகிறது. எங்கள் மிஷினிலும் தெர்மகோலுக்கு நடுவில் இருந்தது! இல்லாவிட்டால் மிஷின் கைப்பிடியின் அளவைப் பார்த்துத் தனியாக வாங்கலாம். பழைய கிண்ணத்திலேயே பொட்டலத்தை வைத்தால் தண்ணீர் ஓரமாக வழிந்து, காபி கழுநீர் மாதிரி வரும். குப்பியைப் பிரித்து, ஒட்டுப்போட்டு இதில் திணிக்கும் வேலை மட்டும் வேண்டாம். அழுத்தத்தில் வெந்நீர் பீய்ச்சி அடித்தால் கையும் முகமும் வெந்துவிடும். மிஷின் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பவும் கூடாது.

சரி, பொட்டலமே தினமும் வாங்கலாமா? கணக்குப் போடுவோம். நாலு பேர், ஆளுக்கு இரண்டு வேளை என்றால் மாதம் 240 பொட்டலம். ஒரு பொட்டலம் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட மாதம் 8,400 ரூபாய்! 7 கிராம் 35 ரூபாய் என்றால் கிலோ 5,000 ரூபாய் ஆகிறது. கடையில் விலை கேட்டால் ஒன்றின் விலையை அதிலுள்ள கிராமால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். தூளுக்கு எவ்வளவு, பொட்டலம் கட்டின கூலிக்கு எவ்வளவு என்று புரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. இந்தியக் காபியை நிறைய வாங்கும் நாடுகளில் முதன்மையானது இத்தாலி. நம் மலையில் விளைந்தது கப்பலேறிப் போய், பொட்டலமாகித் திரும்பி வந்தால் நாம் பல மடங்கு கொடுத்து வாங்க வேண்டுமா? நமக்குப் பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் கொட்டையை வறுத்து, கேட்ட பக்குவத்தில் அரைத்துத் தர ஊர்ஊருக்குக் கடைகள் இருக்கின்றன. "எஸ்பிரஸோவுக்கு, சிக்கரி இல்லாமல், நைஸாக" என்று சொல்லி வாங்கினால் அடைப்பும் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான்.

குப்பையையும் யோசிக்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2016-லேயே அரசுக் கட்டடங்களுக்குக் காபி குப்பிகள் வாங்குவதை நிறுத்தியது. பேரையூர் மாதிரி பேரூராட்சியில் ஈரத் தூளோடு கிடக்கும் குப்பியை யார் பிரித்தெடுப்பார்கள்? அந்தச் சுமையும் தெருக் கூட்டும் சகோதரிகள் தலையில்தான் விழும்.

பொட்டலத்தில் ஒரே ஒரு நல்ல விஷயம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அளவு அதிலேயே இருப்பதால் யார் வேண்டுமானாலும் காபி போடலாம். வந்த ஒரு பாக்கெட் பொட்டலம் தீரும் வரை என் வீட்டுக்காரரும் பத்தாவது படிக்கும் மகனும் தாங்களே போட்டுக் குடித்தார்கள். "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா" என்று இத்தனை வருஷமாகச் சொன்னது பாராட்டு இல்லை, என்னை அடுப்படியில் நிறுத்தும் தந்திரம் என்று அப்போதுதான் விளங்கியது! கைப்பக்குவம் பாதி, அளவு பாதி. அந்த அளவை நாமே சொல்லிக் கொடுத்துவிடலாமே. ஞாயிற்றுக்கிழமை ஏழு சின்ன டப்பாக்களில் ஒவ்வொரு நாளைக்கான தூளை அளந்து வைத்துவிடுகிறேன். தண்ணீருக்கு டம்ளரில் கோடு. காலை டிகாஷன் இப்போது மகன் பொறுப்பு. "பில்டர்ல இறங்கினாத்தான் காபி" என்று சொல்லும் என் அத்தையே பேரன் போட்ட காபியைக் குறை சொல்லாமல் குடிக்கிறார்.

கடைசியாக ஒன்று. நம் பக்கத்து உப்புத் தண்ணீரை மிஷினில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிந்து சீக்கிரம் கெட்டுவிடும். குடிக்கும் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள்.

அவசரத்துக்கு, விருந்தாளிக்கு என்று பத்துப் பொட்டலம் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் கிண்ணத்தை மாற்றினால் தீர்கிற விஷயத்துக்கு மிஷினையே மாற்றி, மாதா மாதம் ஒரு கம்பெனிக்குக் கப்பம் கட்டுவானேன்? அளவும் கணக்கும் நம் வீட்டிலேயே இருக்கட்டும், காபி போடும் வேலை மட்டும் எல்லோருக்கும் போகட்டும். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

– ஓர் இல்லத்தரசி, பேரையூர்.