ஒரு பல்லும் ஒரு குப்பைக்குழியும்

புத்தளக் கரையோரத்தில் உப்பும் சுண்ணக்கல்லும் புதர்க்காடுமன்றி வேறென்ன உண்டு என்று கேட்கின்றனர், தலைநகரில் அமர்ந்து திட்டம் தீட்டுவோர். ஒன்றுமில்லாத மண்ணெனில் எதையும் தோண்டலாம், எதையும் கொட்டலாம் அல்லவா? இவ்வாதத்தை நாம் மறுக்கிறோம்.

கடலுக்கப்பால், தமிழகத்து அரியலூரும் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழப்படும் மாவட்டமே. அங்கே கல்லமேட்டுப் படிவிற் கிடைத்த ஒரேயொரு பல்லை 2013இல் ஆய்வாளர் விவரித்தனர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையான அப்பல், ட்ரூடான்டிட் என்னும் சிறு டைனோசர் குலத்தினது. வட கண்டங்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட குலம் தென்னகத்திலும் வாழ்ந்ததென்பதை ஒரு பல் உணர்த்திற்று!

பல்லோடு இறகு கிடைக்கவில்லை. ஆனால் அக்குலத்தின் உறவுகள் சீனத்துப் பாறைகளில் இறகோடு பதிந்துள்ளன. அவற்றுள் அன்கியோர்னிஸ் கோழியினும் சிறியது. அதன் இறகிலிருந்த நிறமித் துணுக்குகளை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தோர், கருஞ்சாம்பல் உடலும் வெள்ளையும் கறுப்புமான சிறகும் செம்பழுப்புக் கொண்டையும் அதற்கிருந்தன என 2010இல் அறிவித்தனர். பறவை திடீரெனப் படைக்கப்பட்ட அற்புதமன்று. தரையில் ஓடிய டைனோசரின் வழித்தோன்றல் என்பதைக் கல்லே சொல்கிறது.

அன்கியோர்னிஸ் வாழ்ந்த யுராசிக் காலத்தின் இலைகள் நம் மாவட்டத்துத் தப்போவவிலும் கல்லிற் பதிந்து கிடக்கின்றன. சீவார்ட், ஹோல்ட்டம் என்னும் ஆங்கிலேய அறிஞர் இலங்கையின் யுராசிக் தாவரங்களை 1922இலேயே இலண்டன் ஆய்விதழில் எழுதினர். இலண்டன் அறிந்ததைப் புத்தளத்து மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

கரையோரத்து அருவக்காட்டின் சுண்ணக்கல்லோ மயோசீன் காலக் கடலுயிர்களின் ஓடுகளால் ஆனது. அது பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்கிறது. கல்லெடுத்த நிலத்துக்குக் கைம்மாறாக 2019இல் வந்து சேர்ந்தது கொழும்பின் குப்பை! மக்கள் வீதியில் இறங்கி எதிர்த்தனர், ஆள்வோர் செவிசாய்க்கவில்லை.

சீமெந்தும் வேலையும் வேண்டாமா என வினவலாம். வேண்டும். ஆயின் வெடிவைக்குமுன் கல்லை ஆராய்ந்து பதிவுசெய்வதால் எந்தத் தொழிலாளியின் கூலி குறையும்? இலாபத்துக்குத்தான் பொறுமையில்லை.

தப்போவப் படிவுகள் பேணப்பட வேண்டும். அகழிடங்களில் வெளிப்படும் உயிர்ச்சுவடுகள் மாவட்டத்திலேயே மக்கள் காண வைக்கப்பட வேண்டும். ஆசிரியத் தோழர்களே, அரசு அசையும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் மாணவரைத் தப்போவக்கு அழைத்துச் செல்வோம். தம் மண்ணில் என்ன இருக்கிறதென்று அறிந்த தலைமுறையிடம், ஒன்றுமில்லை என்று எவரும் சொல்லித் தப்ப முடியாது.