பேய் சொன்னால் கேட்பார்கள்!

"வானூர்லேர்ந்து மரக்காணத்துக்கு ராத்திரில தனியா போகாதே" என்றார் நண்பர். சொன்னால் கேட்கிற ரகமா நான்? உப்பளங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நல்ல நிலா. கொஞ்ச தூரத்தில் வெள்ளையாக ஓர் உருவம். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசையே! கந்த சஷ்டி கவசத்தில் எனக்கு முதல் வரிக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் இறங்கினார். "இன்னா சார், பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க?"

கையைக் காட்டினேன்.

"அட, அது உப்பு சார். வாரிக் குமிச்சு வெச்சிருக்கு. பேய்க்கு உப்பே ஆவாது. அது இன்னாத்துக்கு இங்க வருது?" என்றவர், ஸ்கூட்டர் பிளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வந்தாலும் உங்களை ஒண்ணும் பண்ணாது. என்னைக் கொன்னது எவன்னு கண்டுபுடிச்சுக் குடுன்னுதான் கேக்கும்."

ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. அந்த வாக்கியம் மட்டும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பேயே துப்பறிகிற கதைகள் மேல்நாட்டில் சக்கைப்போடு போடுகின்றன. ரத்தம் அதிகம் தெறிக்காது. ஒரு கிராமம், டீ, கேக், ஒரு பிணம், அவ்வளவுதான். 1930-லேயே அகதா கிறிஸ்டி, ஸ்வெட்டர் பின்னுகிற மிஸ் மார்ப்பிள் பாட்டியை நாவலில் இறக்கிவிட்டார். பாட்டி இருந்த இடத்தில் இப்போது பேய். 1969-ல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் 'ராண்டல் அண்ட் ஹாப்கிர்க்' என்று ஒரு தொடர் வந்தது. இரண்டு துப்பறிவாளர்களில் ஒருவர் முதல் வாரமே கொலையாகி, வெள்ளை கோட்டு சூட்டுடன் திரும்பி வந்து, தன் கேஸிலேயே துப்புக் கொடுப்பார். பேய்க்கு வசதிகள் ஏராளம். பூட்டு தடையில்லை, பஸ் டிக்கெட் வேண்டாம், சம்பளம் கேட்காது. ஒரே கஷ்டம், அது பேசுவது கூட்டாளியைத் தவிர யார் காதிலும் விழாது.

இது வெறும் கதை என்று நினைத்தால், 1897-க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா, கிரீன்பிரையர் ஜில்லா. ஜோனா என்ற இளம் மனைவி ஜனவரியில் திடீரென்று இறந்துபோனாள். கணவன் ஷூ, கொல்லுப் பட்டறைக்காரன். டாக்டர் வருவதற்குள் அவனே உடம்புக்கு உயரமான காலர் வைத்த உடை போட்டு, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிவிட்டான். டாக்டரைக் கழுத்துப் பக்கமே விடவில்லை. இயற்கை மரணம் என்று எழுதிப் புதைத்துவிட்டார்கள்.

அவள் அம்மா மேரி ஜேன், அரசாங்க வக்கீலிடம் போனாள். "நாலு ராத்திரி என் பொண்ணு வந்தா. புருஷன் கழுத்தை உடைச்சுட்டான்னு சொன்னா" என்றாள். பிப்ரவரியில் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். கழுத்து எலும்பு நிஜமாகவே விலகியிருந்தது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், அம்மாவைப் பைத்தியமாகக் காட்டலாம் என்று பேய்க் கதையைக் கிளறினார். அவள் ஒரு வார்த்தை மாறவில்லை. ஷூவுக்கு ஆயுள் தண்டனை. அந்தப் பேய்க்கு அங்கே சாலையோரம் அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

பேய் வந்ததா? எனக்கென்னவோ, அந்த அம்மாவுக்குக் கழுத்துத் துணியைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. "எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று ஓர் ஏழைத் தாய் சொன்னால் எந்த வக்கீல் குழியைத் தோண்டுவார்? பேய் சொன்னது என்றால் தோண்டினார்கள்!

நம் ஊரிலும் ஒருத்தி உண்டு. பழையனூர் நீலி. கதைப்படி முற்பிறவியில் கணவன் கையால் செத்தவள். பேயாகி, மறுபிறவியில் அவனைத் துரத்தி வந்து, ஊரார் முன் அழுது, பழி தீர்த்தாள். அவனுக்கு உத்தரவாதம் கொடுத்த எழுபது வேளாளர்கள் வாக்குத் தவறியதற்காகத் தீக்குளித்தார்கள். அவர்கள் பெயர் நிலைத்தது. நீலிக்கு என்ன கிடைத்தது? 'நீலிக் கண்ணீர்' என்றால் பொய்யழுகை. கொலையானவள் அவள், பொய்க்காரியும் அவளே. நல்ல தீர்ப்பு!

சட்டம் நம்மைவிடக் கொஞ்சம் தேவலை. சாகும் முன் சொன்ன வார்த்தையை, ஆள் போன பிறகும் கோர்ட் கேட்கும். மரண வாக்குமூலம். 1872 சாட்சியச் சட்டத்தில் 32-வது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 26-வது பிரிவு. சொல்ல அவகாசமே கிடைக்காதவளுக்கு? 1983-ல் வந்த திருத்தத்தின்படி, கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகமான முறையில் இறந்தாலோ, பிரேதப் பரிசோதனை உண்டு. நம் பக்கம் ஆர்.டி.ஓ. வந்து விசாரிக்கிறார். பேய் செய்ய வேண்டிய உத்தியோகத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டிருக்கிறது. சந்தோஷம்.

ஆனால் விசாரணையில் முதல் சாட்சி அக்கம்பக்கம். ராத்திரி சத்தம் கேட்டதா என்றால், "டி.வி. ஓடிட்டிருந்துது சார், ஒண்ணும் கேக்கலை" என்பார்கள். சுவரைத் துளைத்து வருகிற அலறல் கேட்காது. மொட்டைமாடியில் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும்.

பெரியவர் சொன்னது சரிதான். பேய்க்கு உப்பு ஆகாது. உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள் நாம்தான். உறைக்க வேண்டியதும் நமக்குத்தான்.